உசிரை விடுங்கோ

— அந்தக் கவரை ஒட்டாதீங்க சார்.

— கோந்து தடவி ஆயித்து, மெட்டில்டா. கீழே லூர்துராஜ் ஜீப்பை ஸ்டார்ட் பண்ணிண்டு நிக்கறான். சாயங்கால ரயில்ல இது பெங்களூர் போயாகணும், நாளைக்குக் காலம்பற கமிட்டி உட்கார்றது. இந்த நேரத்துல வந்து சும்மனே என்னத்தைக் கண்டுபிடிச்சே?

— நேரா சொல்லிடறேன் சார். நம்ம ரிப்போர்ட் தப்பு.

— எது தப்பு? மேலட்டையா? மைசூர் ஸ்டேட்னு அச்சடிச்ச பழைய காகிதத்தையே போட்டுட்டானா அந்த க்ளார்க்? கர்நாடகான்னு பேர் மாத்தி வருஷக்கணக்காச்சு, மிச்சக் கட்டையெல்லாம் நம்ம தலையிலதான் கட்டுவேன்னு நிக்கறான்.

— மேலட்டை இல்ல. கடைசிப் பக்கம். 'கல் குவாரித் தூசியால் தொழிலாளர் நுரையீரலுக்குக் கெடுதல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை'ன்னு போட்டிருக்கோமே, அது.

— நோடு, இங்கே பாரு, அதை நான் போடலை. மூச்சை அளக்கற மெஷின் போட்டது. கேம்ப் போட்டு, குவாரியில கல்லைத் துளைக்கறவாளை ஊதச் சொன்னோம். தூசியே படாத கோபிநத்தத்து ஜனங்களையும் ஊதச் சொன்னோம். துருத்தி எழும்பித்து, பேனா கோடு போட்டுது. ரெண்டு கூட்டத்துக்கும் கோடு ஒரே உயரம். அப்போ தூசி என்ன பண்ணித்துன்னு அர்த்தம்? ஒண்ணும் பண்ணலை.

— ரெண்டும் ஒரே உயரம் இல்ல சார், ரெண்டும் ஒரே பள்ளம். குவாரி ஆளுங்க ரொம்பக் கம்மியாத்தான் ஊதினாங்க. தூசி படாதவங்களும் அவ்வளவு கம்மியாவே ஊதினதால சமம்னு வந்துடுச்சு.

— அதுக்கும் ஒரு பாரா எழுதியிருக்கேனே, நீயும்தானே படிச்சே. காட்டோரத்து ஜனம், ஆகாரம் போறாது, சரீரம் சின்னது, நுரையீரலும் சின்னது.

— அந்தச் சின்ன நுரையீரலை வெச்சுக்கிட்டுத்தான் விறகுக்கட்டைத் தலையில தூக்கிட்டு மலை ஏறி இறங்கறாங்க. நான் கௌதள்ளியில பொறந்தவ சார். அந்தப் பொம்பளைங்க பின்னால நடந்து எனக்கு மூச்சு வாங்கியிருக்கு. அவங்களுக்கு வாங்கி நான் பார்த்ததில்ல.

— உன் கௌதள்ளிக் கதையை நான் ஜர்மனி கான்பரன்ஸ்ல போய் ஸ்லைடு போட்டுக் காட்ட முடியுமா? கரி பூசின காகிதத்துல முள்ளு கீறற காலத்துல படிச்சவன் நான். தவளையோட காலை ஆணியடிச்சு, அது துடிக்கறதைப் பார்த்து எழுதிண்டிருந்தோம். இந்த மாதிரி மின்சாரப் பேனா வெச்ச ஸ்பைரோமீட்டர் ஒண்ணு இந்த மைசூருக்கு வரணும்னு எத்தனை பேர் கதவைத் தட்டியிருப்பேன், உனக்குத் தெரியும்.

— மெஷின்ல தப்பில்ல சார்.

— வேற எதுல?

— சொல்றேன். அதுக்கு முந்தி, இந்தக் கவர் போனா என்ன ஆகும்னு ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்க.

— என்ன ஆகும்? துளை போடறச்சே தண்ணி பீய்ச்சித் தூசியை அடக்கணும்னு குவாரிக்காராளுக்கு உத்தரவு போடறதா வேண்டாமான்னு கமிட்டி கேக்கறது. வேண்டாம்னு ஆகும். தண்ணிக்கும் பைப்புக்கும் செலவு மிச்சம்னு அவாள் சந்தோஷப்படுவா. அவாள் சந்தோஷத்துக்காக நான் எழுதலை.

— தெரியும் சார். உங்களைச் சந்தேகப்பட்டிருந்தா இங்க வந்து நிக்க மாட்டேன், நேரா கமிட்டிக்கே போயிருப்பேன். காலையிலேருந்து வராண்டாவுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்களே, பார்த்தீங்களா?

— கையில தூக்குப் போசியோட. பார்த்தேன். யார் அவா?

— ராமக்காள். கோபிநத்தம். நம்ம கேம்ப்ல ஊதினவங்க, தூசி படாத கூட்டத்துல. அவங்க பையன் மாதையன், குவாரியில துளை போடறவன். அவனும் ஊதினான், அந்தக் கூட்டத்துல. ஊர் ஜனத்தோட சமமா இருக்கு, தூசிக் கோளாறு இல்லேன்னு அவனுக்கு நாமதான் சீட்டு எழுதிக் குடுத்தோம். இப்போ நம்ம கட்டடத்துக்குக் கீழ வார்டுல படுத்திருக்கான், மூஞ்சியில ஆக்ஸிஜன் குழாயோட.

— வார்டுல என்ன சொல்றா?

— காசம்னு சொல்றாங்க. தூசியால இருக்குமான்னு கேட்டேன். 'அதெப்படி, உங்க பட்டாபிராமன் சார் குடுத்த சீட்டே இல்லேன்னு சொல்றதே'ங்கறாங்க. காச மருந்து குடுத்து, இருமல் அடங்கினா மறுபடி குவாரிக்கே அனுப்பிடுவாங்க.

— காசமாவே இருக்கலாமே.

— இருக்கலாம். ஆனா வேற எதையும் பார்க்கவே விடாம கதவைச் சாத்தினது நாம சார். இன்னிக்குக் காலையில அவனைப் பார்த்துட்டு மேல வந்தேன். மனசு கேக்கல. கேம்ப் சாமான் பெட்டியைத் தொறந்து, எப்படி ஊதணும்னு நீங்க பேசி வெச்ச தமிழ் டேப்பைப் போட்டுக் கேட்டேன்.

— இப்போதான் கேக்கறியா?

— இப்போதான். கேம்ப்ல நான் கன்னடக்காரங்க பக்கம் நின்னேன், குவாரி ஆளுங்களோட. அங்க கன்னட டேப்தானே. தமிழ்ப் பக்கம் நீங்களே நின்னீங்க.

— ஆமாம், நானேதான் நின்னேன். நம்ம ஜனம்னு நின்னேன். அந்த டேப்பைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதே மெட்டில்டா. இந்தப் பரிசோதனையில எனக்கே எனக்குன்னு பெருமையா இருக்கற விஷயம் அது ஒண்ணுதான். டெக்னீஷியன் ஒருத்தன் அதட்டறான், ஒருத்தன் கொஞ்சறான், மத்தியானமானா தூங்கி வழியறான். ஆள் மாறினா கோடு மாறறது. அதுக்குத்தான் டேப். ஒரே குரல், ஒரே வார்த்தை, ஒரே வேகம். எல்லாருக்கும் சமம். அதுலயும் கோபிநத்தத்துக்காராள் தமிழ் ஜனம், அவாளுக்குக் கன்னட டேப் போடறது நியாயமில்லைன்னு நானே உட்கார்ந்து தமிழ்ல பேசிப் பதிவு பண்ணினேன்.

— ஸ்விட்சைப் போடறேன். கேளுங்க.

— நான் பேசினதை நானே கேக்கணுமா?

— ஒரு தடவை. அந்த அம்மா காதால கேளுங்க.

— "குழாயை வாயில வெச்சுக்கோங்கோ. பயப்படாதேங்கோ. உள்ளே நன்னா இழுங்கோ. ஆச்சா? இப்போ உசிரை விடுங்கோ. விடுங்கோ. இன்னும் விடுங்கோ. மிச்சம் வெச்சுக்காதேங்கோ. பூரா உசிரையும் விடுங்கோ. அவ்வளவுதான், முடிஞ்சுது."

— நிறுத்தட்டுமா?

— நிறுத்து. தெளிவாத்தானே இருக்கு? குரல் கொஞ்சம் கரகரங்கறது.

— சார், உசிரை விடுன்னா என்ன?

— மூச்சை வெளியில விடுன்னு. இதென்ன கேள்வி? ஆத்துல வேது பிடிக்கறச்சே எங்கம்மா போர்வைக்கு வெளியில நின்னுண்டு, 'உசிரை இழுடா, உசிரை விடுடா'ன்னுதான் சொல்வா. எங்க தெருவுல எல்லாரும் அப்படித்தான்.

— உங்க வீட்டுல தமிழும் கன்னடமும் ஒரே பாத்திரத்துல வேகுது சார். கன்னடத்துல உசிருன்னா மூச்சு. கோபிநத்தத்துல உசிருன்னா உசிருதான். அங்க விடறதுக்கு மூச்சு இருக்கு. உசிரை விட்டா பாடை கட்டணும்.

— கன்னட டேப்லயும் அதே வார்த்தைதானே இருக்கு?

— கன்னட டேப்ல 'உசிரு தகோ'ன்னப்போ குவாரி ஆளுங்க மூச்சை இழுத்தாங்க, 'உசிரு பிடு'ன்னப்போ ஊதிட்டாங்க, இருக்கற நுரையீரலை வெச்சுக்கிட்டு முழுசா ஊதினாங்க. அவங்களுக்கு அது மூச்சு, குவாரியில கன்னடம் பழகின மாதையனுக்கும்தான். இந்தப் பக்கம் ஒரு பெரிய டாக்டர் வந்து நிக்கறாரு, வாயில ரப்பர் குழாய், மூக்குல கிளிப்பு. பெட்டிக்குள்ளேருந்து ஒரு குரல் பூரா உசிரையும் விடுன்னு சொல்லுது. யாரு சார் முழுசா ஊதுவாங்க? பயந்து போய் ஒப்புக்குப் புஸ்ஸுன்னு விட்டுட்டு எழுந்திருச்சிருக்காங்க. அதை நாம சின்ன நுரையீரல்னு எழுதிட்டோம்.

— இல்லை.

— சார்...

— இல்லைங்கறேன். அவாள் என்ன பச்சைக் குழந்தைகளா? பக்கத்துல கொள்ளேகால் சந்தை, கன்னடம் காதுல விழாமலா இருக்கும்? ஒருத்தர்கூட எழுந்து கேக்கலையே, 'என்ன சாமி இப்படிச் சொல்றே'ன்னு. நான் அங்கேயே நின்னுண்டிருந்தேன். சிரிச்சுண்டு நின்னேன்.

— கேக்கற எடத்துலயா சார் நாம அவங்களை உக்கார வெச்சோம்?

— நோடு மெட்டில்டா, என் மெஷின் தப்புன்னு சொல்லு, கேட்டுக்கறேன். என் கணக்குத் தப்புன்னு சொல்லு, திருத்தறேன். என் வாயில வர்ற தமிழே தமிழில்லைன்னு சொன்னா எனக்கு வலிக்கறது. எங்க தாத்தா சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த ஊர் இது. மூணு தலைமுறையா ஆத்துல வேற பாஷை பேசினதில்லை.

— நானும் அதைத்தான் சொல்றேன். உங்க வீட்டுல அது சரியான தமிழ். கோபிநத்தம் போனா வேற. நான் உங்களைக் குத்திக் காட்ட வரல. கீழே ஜீப் நிக்குதேன்னு பதறி வந்தேன்.

— ஹாரன் அடிக்கறான் பார். லூர்துராஜ், ஒரு நிமிஷம் இருப்பா, வரேன்.

— ஒரு நிமிஷத்துல முடியாது. அந்த அம்மாவைக் கூப்பிட்டு மறுபடி ஊதச் சொல்லிப் பார்க்கலாம். அவங்க கோடு மாறலேன்னா நானே கவரைக் கொண்டுபோய் ரயிலேத்தறேன்.

— ஒருத்தரை வெச்சு என்ன நிரூபிப்பே?

— நீங்க சந்தேகப்பட ஒருத்தர் போதும்.

— சரி. ஆனா என் நிபந்தனைப்படி. முதல்ல இதே டேப். ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. இல்லேன்னா பழக்கத்தால கோடு ஏறித்துன்னு நானே நாளைக்குச் சொல்வேன். அப்புறம் நீ பேசு. வார்த்தையை மட்டும் மாத்து. இது என்ன, எதுக்கு, உசிரா மூச்சான்னு பிரசங்கம் எதுவும் பண்ணப்படாது. ஒரே ஒரு மாத்தம். ஒத்துக்கறியா?

— ஒத்துக்கறேன். விளக்கமெல்லாம் அப்புறம். ராமக்கா, உள்ள வாங்க. செருப்போடயே வரலாம், பரவால்ல.

— கும்புடறனுங்க சாமி. பையனப் பாத்துட்டீங்களாங்க அம்மிணி?

— காலையில பார்த்தேன் ராமக்கா. தூங்கறான். உங்களுக்கு இங்க ஒரு சின்ன வேலை இருக்கு, அதை முடிச்சுட்டு அவனைப் பத்திப் பேசலாம்.

— அட, அந்தத் துருத்திங்களா? கூடாரத்துல இருந்ததுதானுங்களே? மறுக்காவுங்களா?

— ஆமாம்மா, இன்னும் ஒரு தரம். இப்படி ஸ்டூல்ல உட்காரும்மா. பயம் ஒண்ணுமில்லையே?

— பயமுங்களா? பையன் கீழ குழாய மாட்டிக்கிட்டுக் கெடக்கறான். அதை விடவா இனி ஒரு பயம் இருக்குதுங்க சாமி?

— சரி, சரி. மெட்டில்டா, கிளிப்பைப் போடு. டேப்பை மொதல்லேருந்து வை. நான் பேனாவைப் பார்த்துக்கறேன்.

— "...இப்போ உசிரை விடுங்கோ. விடுங்கோ. இன்னும் விடுங்கோ. மிச்சம் வெச்சுக்காதேங்கோ..."

— பார்த்தீங்களா சார்?

— பார்த்தேன். அதே உயரம். கேம்ப்ல போட்ட கோடு மேலேயே இதை வெச்சுத் தைக்கலாம். இன்னொரு தடவை.

— போதுங்களா சாமி?

— போறாதும்மா, இன்னும் ஒரு தரம். டேப்பைப் போடு.

— "...பூரா உசிரையும் விடுங்கோ. அவ்வளவுதான், முடிஞ்சுது."

— போதுமுங்க சாமி. ஊட்டுல பையனோட புள்ளைங்க ரெண்டு சின்னதா இருக்குதுங்க. கொஞ்சம் மிச்சம் வேணுமுங்க எனக்கு.

— கேட்டீங்களா சார்? கொஞ்சம் மிச்சம் வேணுமாம்.

— காதுல விழறது. நீ பிரசங்கம் பண்ணாதே. உன் முறை. டேப்பை அணை.

— ராமக்கா, இந்தத் தடவை பெட்டி பேசாது, நான் பேசறேன். நெஞ்சு நெறைய மூச்சை இழுங்க. இழுத்தாச்சா? இப்போ ஊதுங்க. ஈர விறகு பத்தாத அடுப்பை ஊதற மாதிரி ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க.

— ஏறித்து.

— எவ்வளவு சார்?

— கொஞ்சம். பாதி வழியில மடங்கிடுத்து. இது போறாது மெட்டில்டா. பழக்கத்தால வந்ததுன்னு யாரும் சொல்லலாம். நானே சொல்லலாம். தாராளமா நம்பணும்னு எனக்கும் ஆசைதான், ஆனா இந்தக் கோட்டை வெச்சுண்டு ஜீப்பைத் திருப்பி அனுப்ப முடியாது.

— இன்னொரு தடவை.

— லூர்துராஜ் ஹாரன்லேருந்து கையையே எடுக்கலை. ரயில் போயிடும்.

— ஒரே தடவை சார். கெஞ்சிக் கேக்கறேன். நான் உங்ககிட்ட எதுக்கும் கெஞ்சினதில்ல.

— சரி. கடைசி.

— ராமக்கா, என் முகத்தைப் பாருங்க. இவரைப் பார்க்காதீங்க, என்னைப் பாருங்க. இது உங்க பையனுக்குத்தான். உங்ககிட்டேருந்து வர்றது எல்லாம் அவனுக்குத்தான் உதவப் போகுது. அதனால மிச்சம் எதுவும் வெக்காம ஊதணும். புரியுதா?

— அவனுக்கேவாங்க?

— அவனுக்கேதான்.

— அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க அம்மிணி. குடுங்க அந்தக் குழாய.

— இழுங்க. நல்லா, வயிறு வரைக்கும். ஆங். ஊதுங்க. ஊதுங்க. நிறுத்தாதீங்க. இன்னும் இருக்கு, ஊதுங்க.

— மெட்டில்டா.

— ஊதுங்க ராமக்கா.

— மெட்டில்டா, போறும். பேனா காகிதத்தோட மேல் ஓரத்துல முட்டிண்டு நிக்கறது. போறும்மா, போறும். குழாயை எடுத்துடு.

— காட்டுங்க சார். ஆண்டவரே.

— இந்தச் சரீரத்துக்குள்ள இவ்வளவு காத்தா? என் மாணவர்கள்ல கிரிக்கெட் ஆடறவன்கூட இப்படி ஊதினதில்லை.

— நான் வார்த்தையை மட்டும் மாத்தல சார். மேலயும் ரெண்டு வார்த்தை பேசிட்டேன். நிபந்தனையை மீறிட்டேன். நீங்க ஏத்துக்க வேண்டாம்னா...

— பேசாம இரு. நீ மீறினே, நான் பார்த்தேன். ஆனா ஒண்ணு சொல்றேன். கம்மியா ஊதி ஏமாத்தலாம். ஜாஸ்தியா ஊதி ஏமாத்த முடியாது. நீ பாட்டே பாடியிருந்தாலும் இல்லாத நுரையீரலை உன் பாட்டு கொண்டுவந்திருக்காது. இருக்கு. அவளுக்கு இவ்வளவு நாளும் இருந்திருக்கு.

— அப்போ ஊர் ஜனத்தோட நுரையீரல் சின்னது இல்ல.

— இல்லை. குவாரியில துளைக்கறவாளோடதுதான் சின்னதாகியிருக்கு. பக்கத்துல பக்கத்துல வெச்சா, கடவுளே, பாதிகூட இல்லை. தெரியலைன்னு எழுதினேன். என் கையாலே எழுதினேன். அந்தப் பிள்ளைக்கும் சேர்த்து.

— இன்னும் போகல சார். கவர் உங்க கையிலதான் இருக்கு.

— லூர்துராஜ், வண்டியை அணைச்சுடுப்பா. ஆமாம், அணை. இன்னிக்குப் போக வேண்டாம். ஏன்னு கேக்காதே, அப்புறம் சொல்றேன்.

— கமிட்டிக்கு?

— ஆபீஸ் ரூம்ல போய் பெங்களூருக்கு ட்ரங்க் கால் புக் பண்றேன். ரிப்போர்ட் வராது, கோபிநத்தத்துக்கு மறுபடி போய் எல்லாரையும் ஊத வெக்கணும், அதுவரைக்கும் எந்த முடிவும் எடுக்கப்படாதுன்னு சொல்றேன். ஏன்னு கேப்பா. கேக்கட்டும். மெஷின் ரிப்பேர்னு சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணித்து, மறைப்பானேன். சொல்ல மாட்டேன். பட்டாபிராமன் வாயிலதான் ரிப்பேர்னு சொல்றேன்.

— அப்படியே சொல்ல வேண்டாம் சார்.

— அப்படியேதான் சொல்லணும். எனக்கு வெட்கமா இருக்கு மெட்டில்டா. சிரிச்சுண்டு நின்னேனே, அதை நெனைச்சாத்தான். நம்ம பாஷையில ஒருத்தர் பேசறாரேன்னு அவாளுக்கு சந்தோஷமா இருக்கும்னு நெனைச்சுண்டு நின்னேன்.

— போங்க சார். லைன் கிடைக்க நேரமாகும். வார்டு டாக்டருக்கும் ஒரு சீட்டு எழுதிடுங்க, மாதையனோட எக்ஸ்ரேயைத் தூசியை மனசுல வெச்சு இன்னொரு தடவை பார்க்கச் சொல்லி.

— எழுதறேன். நானே கீழே போய்ச் சொல்றேன். இந்த அம்மாவுக்கு ஒரு காப்பி வரவழை. சர்க்கரை ஜாஸ்தியா.

— ராமக்கா, கிளிப்பைக் கழட்டிடலாம். அட, ஏன் தரையில உக்காந்துட்டீங்க? நாற்காலி இருக்கே.

— தலை கிறுகிறுன்னு வருதுங்க அம்மிணி. கண்ணு இருட்டிக்கிட்டுப் போவுது.

— பலமா ஊதினா அப்படித்தான் இருக்கும். பயப்படாதீங்க, இந்தச் செவுத்துல சாஞ்சுக்குங்க. காப்பி வரும்.

— காப்பி எதுக்குங்க இனி. அந்தப் போசியில களி இருக்குது, பையன் கண்ணு முழிச்சா அவனுக்குக் குடுத்துருங்க.

— நீங்களே குடுக்கலாம். ஒரு நல்ல சேதி ராமக்கா. அவனுக்கு வந்திருக்கறது காசம் இல்லாம இருக்கலாம். சார் இப்போ அதுக்குத்தான் ஓடறாரு. மறுபடியும் அவனை அந்தத் தூசியில நிக்க வெக்காம பார்த்துக்கறதுக்கு இனி வழி இருக்கு. நீங்க குடுத்ததாலதான்.

— அப்ப அவனுக்குப் போயிச் சேந்துருச்சுங்களா?

— என்ன சேரணும்?

— கூடாரத்துல நடுவுல படுதா கட்டியிருந்தீங்களே. இந்தப் பக்கம் எங்க வாயில குழாய வெச்சு உசிர விடு, விடுன்னு பெட்டி சொல்லுச்சு. அந்தப் பக்கம் குவாரிப் பசங்க வாயில குழாய வெச்சு 'உசிரு தகோ, உசிரு தகோ'ன்னு சொல்லுச்சு. தகோன்னா வாங்கிக்கன்னு அர்த்தம், அந்தளவுக்குக் கன்னடம் எனக்கும் தெரியுமுங்க. ரத்தம் எடுத்து இன்னொருத்தருக்கு ஏத்தறாங்களே, அதாட்டத்தான்னு எங்கூருல பேசிக்கிட்டோம். ஊட்டுல சின்னதுங்க இருக்குதேன்னு ஆளாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் விட்டோம். யாரும் மாட்டேன்னு எந்திரிச்சுப் போவல.

— ராமக்கா, இல்ல. இங்க பாருங்க...

— அன்னிக்கு யாருக்குப் போவுதுன்னு தெரியலைங்க, அதுல மனசு சுருங்கிப்போச்சு. இன்னிக்கு நீங்க அவனுக்கேன்னு சொன்னீங்க. துளி மிச்சம் வெக்காம விட்டுட்டனுங்க அம்மிணி. அவன் மேல ஏறி வந்து என்னப் பாத்துறக்கூடாது, கதவச் சாத்திருங்க. எல்லாம் அடங்கின பொறவு, ஆள விட்டு என்ற ஒடம்ப ஊருக்குக் கொண்டுபோயிச் சேத்திருங்க.